உக்கிரபாண்டியின் இரண்டாவது திருடன்

கான்ஸ்டபிள் உக்கிரபாண்டிக்கு எல்லாமே ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்கவில்லை, உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மரியாதைக்காக வெளியே பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மீசை முளைத்த வயதில், பார்க்கிற பொருளின் ஓரத்தில் லேசாக ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணை நன்றாகக் கசக்கிவிட்டுப் பார்ப்பான். நிழல் போகாது. வருஷா வருஷம் அது தேறி வளர்ந்து, இப்போது தனி ஆளாகவே பக்கத்தில் நிற்க ஆரம்பித்திருந்தது.

இதற்கு அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். தெரிந்த ஆளாக இருந்தால் ஒன்றைக் கழித்துவிடுவது. பெண்டாட்டி ஒருத்திதான் என்பது தாலி கட்டியவனுக்குத் தெரியாதா? ஏட்டையா ஒருவர்தான் என்பது வாங்குகிற வசவிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாய் அசைந்தாலும் வசவு ஒன்றுதான் காதில் விழும். ஆனால் முன்பின் தெரியாத ஆளை எப்படிக் கழிப்பது? இருக்கிற மனுஷனை இல்லை என்று சொன்ன பாவம் வந்து சேராதா? ஆகவே அந்நியர்களை மட்டும் கண்ணில் பட்டபடியே ஒப்புக்கொள்வான். அவன் நேர்மையான போலீஸ்காரன். இந்தக் கதையில் நடந்த அநியாயம் முழுவதற்கும் அந்த நேர்மைதான் காரணம்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில், ஓலை வேய்ந்த ஒரு போலீஸ் கொட்டகை அப்போது இருந்தது. அங்கே சர்க்கார் என்றால் ஏட்டையா சுந்தரபாண்டியனும் உக்கிரபாண்டியும்தான். ஒருநாள் விடிந்தும் விடியாமலும் உக்கிரபாண்டி கண்மாய்ப் பக்கம் ஒதுங்கியிருந்தபோது, கரைமேல் காளையை ஓட்டிக்கொண்டு ஆள் போவது தெரிந்தது. பின்னால் வானம் வெளுத்திருந்தது. அவன் கண்ணுக்கு ஆளும் இரண்டு, காளையும் இரண்டு. இவன் கால் கழுவி எழுந்து வருவதற்குள் போய்விட்டார்கள்.

காலையில் உழவு பார்க்கிற ஒரு சம்சாரி தன் காளையைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்தார். உக்கிரபாண்டி பார்த்ததைச் சொன்னான். சம்சாரி தொலைத்தது ஒரு காளை என்பதால் ஏட்டையா காளையை ஒன்று என்று எழுதினார். திருடனைத் தொலைத்தவர் யாரும் வராததால் திருடன் இரண்டு என்றே இருந்துவிட்டது.

“அடையாளம் சொல்லுலே,” என்றார் ஏட்டையா.

“ரெண்டு பேரும் ஒரே உசரம். ஒண்ணுபோல தலப்பா. ரெண்டு பேருக்கும் எடது காலு நொண்டுது. இவன் கால எடுத்து வச்சா, அவனும் அதே நேரத்துல எடுத்து வைக்கான்.”

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். அவர் மூளை எப்போதாவதுதான் வேலை செய்யும், செய்தால் நிறுத்துவது கஷ்டம். “அப்ப ரெட்டப் பிள்ளைக,” என்றார்.

அன்று சாயங்காலமே ஒரு திருடன் அகப்பட்டான். பெயர் இருளப்பசாமி. மாடு பிடிப்பதில் நாலு ஊருக்குப் பேர்போனவன், இடது கால் நொண்டி. காளை அவன் வீட்டுப் பின்னாலேயே நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. திருட்டை அவன் மறுக்கவில்லை. கூட்டாளி எங்கே என்று கேட்டபோதுதான் அவனுக்கு ரோஷம் வந்தது.

“என்னய்யா கேவலமாக் கேக்கீக? நான் தனியாத் தொழில் பண்றவன். ஒத்தக் காளைக்கு ரெண்டு ஆளா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாக?”

அடித்துக் கேட்டார்கள். ஒன்று என்றான். மறுபடியும் அடித்தார்கள். மறுபடியும் ஒன்று என்றான். ஏட்டையாவுக்குக் கை வலித்ததே மிச்சம். பிறகு அவனைப் பெற்றவளைக் கூப்பிட்டுவரச் சொன்னார்.

பாலம்மாள் வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் பருத்தி எடுத்துப் பிள்ளையை வளர்த்தவள். “ஒத்தப் பிள்ளைதான்யா பெத்தேன்,” என்றாள்.

“போலீசு கண்ணால பாத்திருக்கு. ரெண்டு பேரு. சர்க்கார் பொய் சொல்லுமா?”

அவள் உக்கிரபாண்டியைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். பாவம், பொய் கலக்காத தலையாட்டல் அது. அவள் வீட்டுக்குப் போனாள். பிரசவத்தில் தான் நினைவு தப்பிக் கிடந்ததும், வயிறு ஊர் வியக்கப் பெரிதாக இருந்ததும், மருத்துவச்சி மூட்டையோடு அவசரமாகப் போனதும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் வந்து மாரில் அடித்துக்கொண்டாள். “எம் பிள்ளைய வித்துப்புட்டாளே பாவி. சின்னவன் எங்கய்யா இருக்கான்? எப்படி இருக்கான்? நல்லாச் சதையாத் தெரிஞ்சானா?”

“அண்ணன மாதிரியே இருந்தான் ஆத்தா,” என்றான் உக்கிரபாண்டி.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டாயிற்று. இனி பூதத்துக்கு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் தானாகவே நடந்து வந்தது. ராஜபாளையத்தில் துணிக்கடை வைத்திருந்த சேக் முகைதீன், புதுச்செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கொட்டகை வழியாக ஒரு காரியமாகப் போனார். செருப்பு இடது குதிகாலைக் கடித்திருந்தது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். ஏட்டையா பார்த்தார். உயரம் பொருந்தியது. நொண்டல் பொருந்தியது. தாடி மட்டும்தான் பொருந்தவில்லை. அதை மாறுவேஷம் என்று எழுதிக்கொண்டார். ஜாடை எப்படிப் பொருந்தியது என்று கேட்காதீர்கள். வேண்டும் என்றால் ஜாடை எந்த முகத்திலும் வந்துவிடும்.

“இவன்தானாலே?” என்றார்.

உக்கிரபாண்டி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் தெரிந்தன. அவன் பார்வைக்கு ஊரில் எல்லா முகமும் அப்படித்தான். “இருந்தாலும் இருக்கும்,” என்றான். ஏட்டையாவுக்கு அது போதும்.

பாலம்மாள் ஓடிவந்து கம்பிக்குள் கையை விட்டு சேக் முகைதீனின் முகத்தைத் தடவினாள். அவர் பதறிப்போனார். “ஆத்தா, எங்க அத்தா பேரு ஹமீது. எங்கம்மா பேரு அசீனா. ரெண்டு பேரும் மவுத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டாக. நான் ஒங்க மகன் இல்ல.”

“வளத்தவுக எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்யா,” என்றாள் அவள். “தங்கமா வளத்திருக்காக.”

மூத்தவனுக்குக் கொண்டுவந்த கம்பங்கஞ்சியில் பாதியை இவருக்கு ஊற்றினாள். முதல் நாள் வேண்டாம் என்றார். அடுத்த நாள் பசித்தது. இருளப்பசாமி பக்கத்தில் உட்கார்ந்து, “ஆத்தா, எனக்கு ஊத்துனதவிட அவனுக்குக் கூட ஊத்துற,” என்று முறைத்தான். தனியாள் என்று அடிபட்டுச் சொன்னவனுக்கே தம்பிமேல் பொறாமை வந்துவிட்டது.

சேக் முகைதீனின் மனைவி மாஜிதா நிறைமாதம். தாயில்லாத பெண். சின்ன மருமகளைப் பார்க்கப் பாலம்மாள் நல்லெண்ணெய்ச் செம்போடு போய், கேட்காமலே முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். முதலில் மாஜிதாவுக்கு பயமாக இருந்தது. இடுப்புவலிக்கு இதமாக இருந்ததால் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

புருஷனுக்கு மாற்றுத்துணி வாங்கிப்போக உக்கிரபாண்டி வந்தபோது, கதவுக்குப் பின்னால் நின்று மாஜிதா கேட்டாள்: “அண்ணே, இவுகளத்தான் பாத்தீகளா?”

“ரெண்டு பேரப் பாத்தேன் தாயி.”

“எத்தன வருசம் போடுவாக?”

“ரெண்டு வருசம் இருக்கும்னு ஏட்டையா சொல்றாவ.”

அவள் மாற்றுத்துணியைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். “அதுக்குள்ள பிள்ள நடக்கப் பழகிரும்,” என்றாள். “தகப்பன் வந்து நின்னா யாருன்னு தெரியாம அழும்.” உக்கிரபாண்டிக்கு இரண்டு பிள்ளைகள், நிஜமாகவே இரண்டு. துணியை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் போட்டிருந்த ஒரு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அதற்குமுன் இவர்கள் இரட்டையர்தான் என்று டாக்டர் கையெழுத்து இருந்தால் கேஸ் கெட்டியாகும் என்று ஏட்டையாவுக்குத் தோன்றியது. கைதிகள் இருவரையும் ஒரே விலங்கில் பூட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, உக்கிரபாண்டியோடு அனுப்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கொட்டகையில் அப்போது ஐயாதுரை என்று ஒரு டாக்டர் இருந்தார். மெட்ராஸில் படித்தவர், கண் வைத்தியத்தில் பித்து. ஏட்டையாவின் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். “ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் பிறந்தவர்கள் எனச் சான்று தருக. இதுக்கு நான் எதைய்யா பாக்கணும், தொப்புளையா?” என்றார். இருளப்பசாமியைப் பார்த்தார், சேக் முகைதீனைப் பார்த்தார். “இவங்க ரெண்டு பேரையும் ஜோடி சேத்தது யாரு?”

“நான்தான்யா பாத்தேன்.”

டாக்டர் உக்கிரபாண்டியை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய், கையிலிருந்த தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டினார். “இது என்ன?”

அந்தச் சாமானை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. தெரியாததைக் கழிக்கிற வழக்கமும் இல்லை. “ரெண்டு கண்ணாடிக் குச்சிய்யா,” என்றான்.

“ஒரு கண்ண மூடு. இப்ப?”

“ரெண்டுதான்.”

“அடுத்த கண்ண மூடு.”

“இப்பவும் ரெண்டுய்யா. இன்னொண்ணும் மங்கலா எட்டிப் பாக்குது.”

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தவன் கஷ்டத்தில் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனால் புத்தகத்தில் படித்ததைக் கண்ணெதிரே கண்டால் டாக்டர்களுக்கு அடக்க முடிவதில்லை. “மாறுகண்காரனுக்கு ஒரு கண்ண மூடினா ஒண்ணாயிரும். உனக்கு ஒத்தக் கண்ணுக்குள்ளயே ரெண்டு. கீழ பாரு.” அவன் கீழே பார்த்தான். கீழ் இமை வளைந்து நிற்காமல் கூராகப் பிதுங்கியது. டாக்டர் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். விலங்கோடு கைதிகள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

“கத்தரிக்கா மூக்கு மாதிரி இருக்கே,” என்றான் இருளப்பசாமி.

“அதேதான்,” என்றார் டாக்டர். “கருவிழிக்கு மேல தெளிஞ்ச சவ்வு ஒண்ணு இருக்கு, கடிகாரத்துக்கு மேல கண்ணாடி இருக்கே, அது மாதிரி. அது ஒழுங்கா உருண்டிருந்தாத்தான் வெளிச்சம் ஒரே இடத்துல போய் விழும். இவனுக்கு அது மெலிஞ்சு, கூம்பி, முன்னால தள்ளிருச்சு. வெளிச்சம் சரிவுல பட்டுப் பட்டுச் செதறுது. அதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது. கண்ணைக் கசக்குவியா?”

“சின்ன வயசுலேருந்தே கசக்குவேன்யா. அரிக்குமில்ல.”

“அரிச்சாலும் கை வைக்காத. கசக்கக் கசக்க இன்னும் கூம்பும்.”

“இதுக்கு வைத்தியம்?”

“முழுசாத் தீராது. சீமையில கூம்புன எடத்தச் சூட்டுக்கோலால சுட்டுப் பாக்காங்க. இன்னும் சில பேரு கண்ணுமேலயே கண்ணாடிச் சிப்பி செஞ்சு மாட்டிப் பாக்காங்களாம்.” உக்கிரபாண்டி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். “பயப்படாத. நம்மகிட்ட அது எதுவும் இல்ல,” என்று சொல்லி, டாக்டர் ஓர் அட்டையை எடுத்து நடுவில் ஊசியால் குத்தினார். “இதுக்குள்ள பாரு. ஓட்ட வழியாப் போற வெளிச்சத்துக்குச் செதற எடமில்ல.”

உக்கிரபாண்டி அட்டையைக் கண்ணருகே வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். கோவில் கோபுரம் தெரிந்தது. ஒன்று. வில்லிபுத்தூரில் கோபுரங்கள் தோளோடு தோள் ஒட்டி ஜோடியாக நிற்கின்றன என்று கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். ஒரு கோபுரத்தை யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது. அட்டையை அப்படியே திருப்பிக் கைதிகளைப் பார்த்தான். இருளப்பசாமிக்குச் சப்பை மூக்கு, சின்னக் கண். சேக் முகைதீனுக்கு நீண்ட மூக்கு, பெரிய கண், நெற்றியில் தொழுத தழும்பு. ஒரு ஜாடையும் இல்லை. ஓர் எருமைக்கும் ஒரு குதிரைக்கும்கூட இதைவிட உறவு சொல்லலாம்.

அட்டையைக் கீழே இறக்கினான். “ராவுத்தரே,” என்றான். “நீங்க அந்த ஆளே இல்ல.”

“அதத்தானய்யா வந்த நாள்லேருந்து சொல்லுதேன்,” என்றார் சேக் முகைதீன்.

டாக்டர் தகரத்தில் இரண்டு வில்லை வெட்டி, கருப்பு மை பூசி, ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு, பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார். அதைப் போட்டால் நேரே பார்ப்பது பளிச்சென்று தெரியும், பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. உக்கிரபாண்டி வாசற்படியில் மோதி, வண்டிச்சக்கரத்தில் மோதி, கொட்டகை வந்து சேர்ந்து, ஏட்டையாவிடம் விவரத்தைச் சொன்னான்.

ஏட்டையா முழுவதும் கேட்டார். “கண்ணு கெட்டவன்னு நீயே போய்ச் சொல்லப்போறியா? சொன்ன அன்னைக்கே பெல்ட்டக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போ. பருத்திக் காட்டுல களை எடுக்கவும் ஒன்னால ஆகாது, செடிய எடுத்துருவ. பிள்ளைகளுக்கு என்னலே ஊத்துவ? பேசாம அந்தத் தகரத்தக் கழட்டிட்டு, பழைய கண்ணால சாட்சி சொல்லு.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. வழக்கு நாள்வரை உக்கிரபாண்டி வீட்டில் தகரத்தைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். போட்டால் பெண்டாட்டி முகத்தில் கவலை துல்லியமாகத் தெரிந்தது. கழற்றினால் கவலை இரண்டாகத் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் கூடாரம் அடித்து மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். மாஜிதா வண்டிக்குள் இருந்தாள். பாலம்மாள் முன்வரிசையில் இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேக் முகைதீனின் குதிகால் புண் ஆறிவிட்டது, நேராக நடந்து வந்தார். “கோர்ட்டை ஏமாத்த நல்லா நடக்கான் எசமான்,” என்றார் ஏட்டையா. அதுவும் பதிவாயிற்று.

உக்கிரபாண்டி தகரக் கண்ணாடியோடு கூண்டில் ஏறினான். சத்தியப் பிரமாணம் செய்தான். உள்ளதைச் சொன்னான். கூம்பிய சவ்வு, சிதறுகிற வெளிச்சம், தெர்மாமீட்டர், கோபுரம், ஒன்றுவிடாமல் சொன்னான். “அன்னைக்குப் போனது ஒரே ஆளு எசமான். ரெண்டாவது ஆளு என் கண்ணுக்குள்ளதான் இருந்தான்.”

மாஜிஸ்திரேட் சட்டத்தை ஒழுங்காகப் படித்தவர். அதனால்தான் இத்தனை சங்கடம். “சம்பவத்தன்று இந்தத் தகரம் போட்டிருந்தாயா?”

“இல்ல எசமான்.”

“டாக்டர் திருட்டைப் பார்த்தாரா?”

“இல்ல எசமான்.”

“அப்படியானால் சம்பவத்தைக் கண்டது உன் பழைய கண். அது இரண்டு என்று சொல்லி எழுதியாயிற்று. சம்பவத்தைப் பார்க்காத தகரம் இப்போது வந்து மாற்றிச் சொல்வதை நான் எப்படி ஏற்பது? வெறுங்கண்ணால் என்ன கண்டாயோ அதுதான் சாட்சி.”

ஏட்டையா மீசையைத் தடவினார். சேக் முகைதீன் தலை குனிந்தார். தோப்புக்கு வெளியே வண்டியிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

உக்கிரபாண்டி தகரத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டான். இத்தனை வருஷம் தெரிந்தவர்களுக்குக் கழித்துக் கழித்துக் காப்பாற்றிய மரியாதையை இனி யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தான். “சரி எசமான். வெறுங்கண்ணாலயே சொல்லுதேன். இங்க ரெண்டு எசமான் ஒக்காந்திருக்கீக.”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பேரும் ஒரே உசரம். ஒண்ணுபோல கோட்டு. இப்ப ரெண்டு பேரும் சேந்தாப்புல பேனாவக் கீழ வைக்கீக. சர்க்கார் அனுப்புனது ஒரு எசமானத்தான்னு எனக்குத் தெரியும். அப்ப இன்னொருத்தர் சர்க்கார் நாற்காலியில அத்துமீறி ஒக்காந்திருக்காவ. அவியளப் பிடிக்க வேண்டியது என் கடமை. யாருன்னு சொன்னா வெலங்கு மாட்டிருவேன்.” விலங்கைக் கையில் எடுத்தும் விட்டான்.

மாஜிஸ்திரேட் தன்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மறுபக்கமும் பார்த்தார். கோபம் வந்து, போய், யோசனை வந்து, பிறகு அவர் முகத்தில் ஒருவகை அச்சம் வந்தது. இந்தக் கண்ணின் சாட்சியை எழுதினால் நாளைக்குத் தன் சம்பளத்தில் பாதி யாருடையது என்று மேலிடத்தில் கேட்பார்களே என்று நினைத்தாரோ என்னவோ. பேனாவை எடுத்துச் சரசரவென்று எழுதினார். சேக் முகைதீன் விடுதலை. இருளப்பசாமிக்கு ஆறு மாதம். கான்ஸ்டபிள் உக்கிரபாண்டி வேலைக்கு லாயக்கற்றவன், இன்றோடு நீக்கம்.

இருளப்பசாமிக்கு ஒரே பெருமை. “தனியாளுன்னு எழுதுங்க எசமான், நல்லாத் தெளிவா எழுதுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான். ஏட்டையா பெல்ட்டையும் தலைப்பாகையையும் வாங்கிக்கொண்டார், உக்கிரபாண்டியின் முகத்தைப் பார்க்காமல். சேக் முகைதீன் வண்டியருகே போய், திரைக்குள் கையை நீட்டி, அப்படியே செத்த நேரம் நின்றார். பிறகு திரும்பிப் பாலம்மாளிடம் வந்தார். “வாரேன் ஆத்தா,” என்றார். அவள் தலையை ஆட்டினாள். வண்டி ராஜபாளையம் ரோட்டில் போய் மறைந்தது.

தோப்பு காலியானது. பாலம்மாள் மட்டும் ஒரு தென்னை அடியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் இரண்டு மகனோடு வந்தவள். உக்கிரபாண்டி தகரத்தைப் போட்டுக்கொண்டு பார்த்தான். அவள் முகத்தை அன்றுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. அருகே போய் நின்றான். வைவாள், வையட்டும் என்றுதான் போனான்.

அவள் வையவில்லை. “தம்பி, நெசமாச் சொல்லு. அன்னைக்குக் கரையில ரெண்டு பேரப் பாத்தேல்ல?”

அவன் தகரத்தைக் கழற்றினான். “பாத்தேன் ஆத்தா. ரெண்டு பேரத்தான் பாத்தேன்.”

“சின்னவன் அதுக்குப் பொறவு எந்தப் பக்கம் போனான்?”

உக்கிரபாண்டி யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. அந்தக் கரையும் வெளுத்த வானமும் அப்படியே கண்ணில் நின்றன. “எங்கயும் பிரிஞ்சு போகல ஆத்தா,” என்றான். “கடைசி வரைக்கும் அண்ணன் கூடவே ஒட்டித்தான் போனான்.”

பாலம்மாள் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்பச் சரி,” என்றாள். “செயில்ல மூத்தவனுக்குத் தொணைக்கு ஆளிருக்கு.”